கரையேறாத கோல்கீப்பர்

ஹங்கேரி நாட்டில், பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் தானாகப் பொங்கி வருவதால் குளிப்பதைத் தவிர வேறு எந்த வேலையிலும் பெரிய நாட்டம் காட்டாத ஹார்ஷ்வீஸ் என்ற சிற்றூரில், கெலென்சேர் லெஹெல் என்ற வாட்டர் போலோ கோல்கீப்பர், தேசிய இறுதிப் போட்டியின் கடைசி நொடியில் தலைநகர அணியின் பெனால்டியைத் தடுத்துவிட்டுக் கரையேறியபோது, அவனுடைய பிம்பம் அவனோடு கரையேறவில்லை.

அன்றைக்கு இதை யாரும் கவனிக்கவில்லை. ஊரே குளத்துக்குள் குதித்திருந்தது. மேயர் தோர்ன்யாய் கோட்டும் டையுமாகக் குதித்தார், பாதிரியார் அங்கியை மடித்துப் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கினார், பக்கத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து நாற்பது வருடமாகச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள்கூட ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். இருபத்தொன்பது வயது லெஹெலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரை மூன்று சுற்று சுற்றினார்கள். ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது அவனுடைய பிம்பமும் கூட வருகிறதா என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

மறுநாள் காலை குளத்தைச் சுத்தம் செய்ய வந்த ஓடோன் பாச்சிதான் முதலில் பார்த்தார். வயதில் பெரிய ஆண்களை அங்கே பெயரோடு பாச்சி சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்; ஓடோன் பாச்சி முப்பது வயதிலேயே பாச்சி ஆகிவிட்டவர். சிதறிக் கிடந்த பந்துகளை ஒரே இடத்தில் சேர்ப்பதற்காக ஒவ்வொன்றாக எடுத்து கோல் வலைக்குள் எறிந்தார். ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. குனிந்து பார்த்தால், கோலுக்கு முன்னால் தண்ணீருக்குள் சிவப்புத் தொப்பியும் அகலக் கைகளுமாக லெஹெல் தெரிந்தான். பந்து வரும்போது தண்ணீரே இடுப்பளவு எழும்பி, இரண்டு கையாக விரிந்து, தட்டிவிட்டு அடங்கியது.

"விளையாடினது போதும், வெளியே வாப்பா. நான் பாசி எடுக்கணும்" என்றார் ஓடோன் பாச்சி.

பதில் வராததால், புகார் சொல்வதற்காக லெஹெலின் வீட்டுக்கே நடந்தார். அங்கே லெஹெல் சமையலறையில் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தான்.

"நீ இங்கேயா இருக்கே?"

"ஏன் பாச்சி?"

"அங்கேயும் இருக்கே."

"இருக்கட்டும் பாச்சி. எனக்குத் தலை வலிக்குது, நேத்து ராத்திரி ஊத்தினது கொஞ்சம் அதிகம்."

"அவனுக்கு வலிக்கலை போல. நாலு பந்து போட்டேன், நாலையும் தடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டு ஓடோன் பாச்சி மிச்சம் இருந்த முட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. லாபமான எந்த அதிசயத்தையும் எந்த ஊரும் எடுத்துக்கொள்வது போலத்தான், அதாவது பேச்சே இல்லாமல் எடுத்துக்கொண்டது. பாதிரியார் இது சாத்தானின் வேலையாக இருக்குமோ என்று ஒரு வாரம் யோசித்து, சாத்தான் தலைநகர அணியின் ஆதரவாளன் என்று தனக்கு ஏற்கனவே தெரியும் என்பதால் அப்படி இருக்க முடியாது என்று முடிவுக்கு வந்தார். நாட்டின் வாட்டர் போலோ சம்மேளனம் விதிப்புத்தகத்தைப் புரட்டியது. கோல்கீப்பர் ஒன்றாம் எண் போட்ட சிவப்புத் தொப்பி அணிந்திருக்க வேண்டும் என்று இருந்தது; அணிந்திருந்தான். ஆட்டம் முடியும்வரை தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது; அவனைவிட அதிகமாகத் தண்ணீரில் இருந்தவன் நாட்டிலேயே இல்லை. உடம்பு இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஊக்கமருந்து சோதனைக்கு வந்த அதிகாரி என்ன செய்வதென்று தெரியாமல் கோல் முன்னாலிருந்து ஒரு புட்டித் தண்ணீரை முகந்து கொண்டுபோனார். கந்தகம் அதிகம், குளோரின் சுமார், ஆட்சேபணை இல்லை என்று அறிக்கை வந்தது.

ஆக, அடுத்த பருவத்தில் ஹார்ஷ்வீஸ் அணிக்கு இரண்டு கோல்கீப்பர்கள் இருந்தார்கள், அதில் ஒருவன் சாப்பிடுகிறவன்.

வெளியூர் ஆட்டங்களுக்கு எப்படிப் போவது என்ற கேள்விக்கு மேயர் தோர்ன்யாய் ஒரே இரவில் விடை கண்டுபிடித்தார். ஊரில் ஒரே ஒரு தீயணைப்பு வண்டி இருந்தது. கோல் முன்னால் இருக்கும் தண்ணீரை அதில் உறிஞ்சி, எதிரணி ஊருக்குக் கொண்டுபோய், அங்கே கோல் முன்னால் ஊற்றி, ஆட்டம் முடிந்ததும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு வந்தார்கள். ஊற்றிய தண்ணீர் அந்த ஊர்த் தண்ணீரோடு கலந்துவிடாதா என்று தலைநகரப் பத்திரிகை ஒன்று அறிவுபூர்வமாகக் கேட்டது. கலந்தது. கலந்த இடத்திலெல்லாம் லெஹெல் இருந்தான், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி தலைநகரில் இருந்த நேரத்தில் ஹார்ஷ்வீஸ் பள்ளிக்கூடத்தின் விறகுக் கொட்டகை தீப்பிடித்தது. ஊரார் அதைச் சுற்றி நின்று, வெளிச்சமும் கதகதப்பும் வசதியாக இருந்ததால், ரேடியோவில் மிச்ச ஆட்டத்தைக் கேட்டு முடித்தார்கள். மறுநாள் உள்ளூர் நாளிதழ் 'ஒன்பதுக்கு பூஜ்யம்' என்று எட்டுப் பத்தியில் போட்டு, விறகுக் கொட்டகையை வானிலை அறிக்கைக்குக் கீழே போட்டது.

ஏழு வருடம். ஏழு வருடத்தில் ஒரு கோல் விழவில்லை. ஏழு முறை தேசியக் கோப்பை, நான்கு முறை ஐரோப்பியக் கோப்பை. எதிரணிக்காரர்கள் பந்தை எறிவதே வெறும் மரியாதைக்காக என்று ஆகி, சிலர் எறிவதற்கு முன்பே கைகொடுக்கத் தொடங்கினார்கள். ஊரில் பிறந்த ஆண் குழந்தைகளுக்கெல்லாம் லெஹெல் என்று பெயர் வைத்ததில், முதல் வகுப்பில் பதினொரு லெஹெல்கள் சேர்ந்து, ஆசிரியை அவர்களுக்குத் தொப்பி எண் கொடுத்து வருகைப் பதிவு எடுத்தாள். தூர ஊர்ப் பெண்கள் கடிதம் எழுதித் தண்ணீரில் போட்டார்கள். தபால் வில்லை ஒட்டாமலேயே போட்டார்கள், ஏனென்றால் எல்லாக் கடிதமும் தடுக்கப்பட்டு அனுப்பியவர் காலடிக்கே திரும்பி வந்தது, அதையும் அவர்கள் பதில் என்றே எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். சிலை வைப்பது என்று நகர சபை தீர்மானித்து, தலைநகரிலிருந்து வந்த சிற்பி முன்னால் லெஹெலை நான்கு நாள் நிற்க வைத்தது. ஐந்தாம் நாள் களிமண் உருவத்தைப் பார்க்க வந்த மேயர் லெஹெலையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் சிற்பியிடம். "கொஞ்சம் தொப்பை தெரியுது."

"இருக்கறதைத்தானே செய்ய முடியும்?"

"இருக்கிறவன் குளத்துல இருக்கான். அவனைப் பார்த்துச் செய்யுங்க. லெஹெல், நீ சட்டையைப் போட்டுக்கோ, சளி பிடிச்சுக்கும்."

ஆரம்பத்தில் லெஹெலுக்கு இதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. தான் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது தான் கோப்பை வெல்லும் செய்தி ரேடியோவில் வருவது யாருக்குக் கிடைக்கும்? இரண்டாம் வருடம்தான் பயிற்சியாளர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். கோல் ஒன்றுதான் இருக்கிறது, அதில் நிற்பதற்கு இரண்டு பேர் தேவையில்லை, தவறும் செய்யக்கூடிய ஒருவனை எதற்காக இறக்குவது என்று நியாயமாகக் கேட்டார். நீ போ என்று அனுப்பவும் முடியாது. ஒப்பந்தம் பத்து வருடத்துக்கு, முத்திரை போட்டது.

இங்கேதான் ஹங்கேரிய மொழி ஊருக்குக் கைகொடுத்தது. அந்த மொழியில் கோல் என்பதற்கும் வாசற்கதவு என்பதற்கும் ஒரே சொல், கபு. கோலைக் காப்பவன் கபுஷ். வாசலில் உட்கார்ந்திருப்பவனும் கபுஷ். லெஹெலின் ஒப்பந்தத்தில் அவன் வேலை என்ன என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: கபுஷ். மேயர் அதை இரண்டு முறை வாசித்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் வாசித்தார், பிறகு ஒரு எழுத்தும் மாற்றாமல் லெஹெலை நீச்சல் குளத்தின் வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தார். தன் பிம்பத்தைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு லெஹெல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தான்.

"கோபம் இல்லையே?" என்று மேயர் கேட்டார்.

"ஒப்பந்தப்படிதானே இருக்கு" என்றான் லெஹெல்.

"அதான் சொல்றேன். ஒரு எழுத்தைத் தொட்டோமா?"

வெளியூர்க்காரர்கள் அவனை அடையாளம் கண்டுகொண்டதில்லை. முடி கொட்டி, கழுத்து தடித்து, தொப்பையில் பொத்தான் பிதுங்கி உட்கார்ந்திருப்பவனை எப்படிக் கண்டுகொள்வார்கள்? ஒரு முறை ஒரு குடும்பம் வாசலில் இருந்த லெஹெலின் பெரிய படத்துக்குக் கீழே நின்று, அவன் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்தான். இன்னொரு முறை, அவன் படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவரை மறைக்கிறீங்க" என்றார்கள். தள்ளி நின்றான்.

இதற்கிடையில் குளத்துத் தண்ணீர் மாற்றப்படவே இல்லை. மாற்றினால் லெஹெல் போய்விடுவானோ என்ற பயத்தில் முதல் வருடம் மாற்றாமல் விட்டார்கள். இரண்டாம் வருடம் அது மரபாகி, மூன்றாம் வருடம் சட்டமாகி, விளையாடுகிறவர்களைத் தவிர வேறு யாரும் அதில் இறங்கக்கூடாது என்று பலகை வைத்தார்கள். ஆறு வயதிலிருந்து தினமும் நீந்திய லெஹெலும் அந்த 'வேறு யாரும்' என்பதில் அடங்கினான். தண்ணீர் முதலில் வெளிறிய பச்சை, பிறகு கரும்பச்சை, பிறகு பெயர் வைக்க முடியாத ஒரு நிறம். அதில் விளையாடியவர்களின் கண் சிவந்தது, அவர்களோடு கைகுலுக்கியவர்களின் கண்ணும் சிவந்தது, கடைசியில் ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு அலைந்தது. அதற்குச் சாம்பியன் கண் என்று பெயர் வைத்து, அது வராதவர்களை ஊர்ப் பற்று இல்லாதவர்கள் என்றார்கள். சுகாதார ஆய்வாளர் ஒரு முறை வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தார். தன் மகனுக்கு ஒரு கையெழுத்துக் கேட்டார். கிடைக்காததால் ஒரு துளித் தண்ணீரைத் தாளில் தெளித்து வாங்கிக்கொண்டு திருப்தியாகத் திரும்பினார்.

லெஹெலுக்கு இதிலெல்லாம் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் தாங்க முடியாத வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. குளத்தங்கரையில் அவன் மனைவி பிரோஷ்கா லாங்கோஷ் கடை வைத்திருந்தாள். லாங்கோஷ் என்பது நம்மூர் பட்டூராவுக்குச் சித்தப்பா முறை: உள்ளங்கை தடிமனில் பிசைந்த மாவை எண்ணெயில் பொரித்து, மேலே பூண்டு தேய்த்து, புளித்த பாலேடு ஊற்றித் தருவது. காலையிலிருந்து கூட்டம் மொய்க்கும். ஆனால் மதியம் மூன்று மணி ஆனதும் பிரோஷ்கா அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கோலுக்கு நேரே இருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாசல் முக்காலியிலிருந்து லெஹெலுக்கு அந்த பெஞ்ச் தெரியும். அவள் முகம் தெரியாது, முதுகு மட்டும்தான். வருடக்கணக்கில் மனைவியின் முதுகை மட்டும் பார்ப்பவனுக்குத் தோன்றக்கூடிய எல்லா எண்ணமும் அவனுக்குத் தோன்றியது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டே விட்டான்.

"தினமும் அங்கே என்ன பார்க்கறே?"

"யாரை?"

"அவனைத்தான்."

"அவன்னு ஏன் பேசறே? அது நீதானே."

"நான் இங்கே இருக்கேன்."

"சரி, இரு. யார் வேண்டாம்னா?" என்று அவள் ரொட்டியைப் பிய்த்தாள். "அவன் குறட்டை விடறதில்லை. ஈரத் துண்டைக் கட்டில் மேல போடறதில்லை. கேட்டாத்தான் சொல்றேன்."

"அப்ப அவனைப் பிடிச்சிருக்கு."

"உன்னைத்தான் கட்டிக்கிட்டேன், அவனும் நீதான். பிடிச்சா என்ன தப்பு?"

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று லெஹெல் இரண்டு வாரம் தேடினான். வாழ்நாள் முழுவதும் ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டவனுக்கு அதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இல்லை.

அந்த நாட்டுக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர் உண்டு. உங்கள் பெயருக்குரிய தேதி வந்தால் அதுதான் உங்கள் பெயர்நாள். பிறந்தநாளை மறந்தால் மன்னிப்பார்கள், பெயர்நாளை மறந்தால் அடுத்த பெயர்நாள்வரை சொல்லிக்காட்டுவார்கள். ஏழாம் வருடத்து லெஹெல் நாளன்று ஊர் முழுவதும் மாலையோடும் பாண்டு வாத்தியத்தோடும் குளத்தங்கரையில் கூடியது. பதினொரு குட்டி லெஹெல்களும் எண் வரிசையில் நின்று பாடினார்கள். முக்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கும் அன்றைக்குத்தான் பெயர்நாள் என்று ஓடோன் பாச்சிக்கு மட்டும் ஞாபகம் வந்து, "உனக்கும்தானேப்பா" என்று முதுகில் தட்டிவிட்டு உள்ளே ஓடினார், வாத்தியம் தொடங்கிவிட்டிருந்தது.

பூக்கள் எறிந்தார்கள், தண்ணீர் எழும்பித் தடுத்தது. சாக்லேட் எறிந்தார்கள், தடுத்தது. கடைசியாகப் பிரோஷ்கா எழுந்தாள். கையில் வீட்டில் அவளே செய்த கசகசா கேக்; தனக்குத்தான் என்று நினைத்து, முந்தின நாள் மாலையிலிருந்து அலமாரியில் பார்த்துப் பார்த்து லெஹெல் தொடாமல் வைத்திருந்தது. அவள் ஒரு துண்டு வெட்டி, பூப்போலத் தண்ணீரில் விட்டாள். இரண்டு அகலக் கைகள் எழும்பி அதையும் தட்டிவிட்டன. கேக் அவள் ஏப்ரனில் வந்து ஒட்டியது. ஊர் கைதட்டியது. மிச்சத்தைத் தட்டோடு எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள்.

"இந்தா. உனக்கு."

"அவன் வேணாம்னதா?"

"கேக்கு நல்லா வந்திருக்கு, லெஹெல். சாப்பிடு."

லெஹெல் சாப்பிடவில்லை. அவளுக்கு இரண்டு லெஹெல் இருந்தால் அதில் அவளுடையவன் எவன் என்று தெரிந்தாக வேண்டும், அதற்கு ஒரே வழிதான் அவனுக்குத் தெரிந்தது. அந்தக் கோலுக்குள் ஒரு பந்து விழ வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை, கோயில் மணி அடித்து ஊரே உள்ளே போன பிறகு, வாசற்கதவைப் பூட்டிவிட்டு, சீருடையை மடித்து முக்காலியில் வைத்து, உள்ளாடையோடு அந்தப் பெயரில்லாத நிறத்துக்குள் இறங்கினான். தண்ணீர் கஞ்சிபோலத் தடித்து வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் கால்கள் தாமாகவே கீழே சுழன்று உடம்பைத் தூக்கிப் பிடித்தன. தொப்பை மட்டும் ஒரு நொடி தாமதமாக வந்தது. ஐந்து மீட்டர் தூரத்தில் நின்று பந்தை எறிந்தான். தண்ணீர் எழும்பித் தடுத்தது. மறுபடி எறிந்தான். தடுத்தது. வாழ்க்கையில் ஒரு கோல்கூடப் போட்டிராத ஒருவன், வாழ்க்கையில் ஒரு கோல்கூட விட்டிராத ஒருவனுக்கு எதிராக, அந்த இரண்டு பேரும் தானே என்பதால் யாரைத் திட்டுவது என்றும் தெரியாமல், எறிந்துகொண்டே இருந்தான்.

கோயில் முடிந்து வந்தவர்கள் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து வேலி ஏறினார்கள். பத்து நிமிடத்தில் சுற்றுச்சுவர் முழுவதும் தலைகள். சட்டவிரோதமாக இறங்கியவனை வெளியேற்ற வேண்டும் என்று மேயர் தொண்டையைச் செருமினார். ஆனால் ஆட்டம் சுவாரசியமாக இருந்ததால் செருமியதோடு நிறுத்திக்கொண்டார். ஓடோன் பாச்சி எண்ணத் தொடங்கினார்.

"நாப்பத்தொண்ணு!"

"சபாஷ் லெஹெல்!" என்று கூட்டம் கத்தியது, தடுத்தவனைப் பார்த்து.

"நாப்பத்திரண்டு! டேய் தொப்பை, வீட்டுக்குப் போடா!"

"அவனும் லெஹெல்தானேப்பா" என்றார் யாரோ.

"அதுக்காக?"

நூற்றுத் தொண்ணூறு தாண்டியபோது லெஹெலின் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. கண் எரிந்தது. இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டான், அந்தத் தண்ணீரை. இருநூற்றுப் பன்னிரண்டாவது பந்தை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தபோது, இது கடைசி, இதுவும் போகாவிட்டால் கரையேறி முக்காலிக்குப் போய்விடுவது, மூன்று மணிக்கு அந்த முதுகைப் பார்ப்பது, இப்படியே சாவது என்று முடிவு செய்திருந்தான். எதிரே தண்ணீர் எழும்பி நின்றது, இருபத்தொன்பது வயதில், ஒட்டிய வயிற்றோடு, ஒரு சோர்வும் இல்லாமல்.

அப்போது லாங்கோஷ் கடையின் பலகைக் கதவு தடாலென்று திறந்தது.

"லெஹெல்! சூப்பு ஆறுது!"

பிரோஷ்காவின் குரல் ஊர் அறிந்தது. எண்ணெய் கொதிக்கும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். இரண்டு லெஹெல்களும் ஒரே நேரத்தில் கடைப் பக்கம் திரும்பினார்கள். உடம்போடு இருந்தவனின் மரத்துப்போன விரல்களிலிருந்து பந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. விழுந்து, அவசரமே இல்லாமல், ஒரு வாத்துபோல ஆடி ஆடி மிதந்து, இன்னும் கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவனின் கைக்கு அடியில் புகுந்து, கோட்டைத் தாண்டி ஒரு சாண் தூரம் உள்ளே போய் நின்றது.

ஏழு வருடத்தில் முதல் முறையாக அந்த ஊரில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"யாரு போட்டது?" என்று ஓடோன் பாச்சி மெல்லக் கேட்டார்.

"லெஹெல்" என்றார் மேயர்.

"யாருக்கு எதிரா?"

"லெஹெலுக்கு."

"அப்ப சேம் சைடு கோல்" என்றார் ஓடோன் பாச்சி. உள்ளூர் நாளிதழ் மறுநாள் அதையே தலைப்பாகப் போட்டது, இந்த முறை இரண்டே பத்தியில்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் விரைவாக நடந்தது. அடுத்த ஆட்டத்தில் தண்ணீர் லெஹெல் பதினான்கு கோல் விட்டான். பந்து வரும்போதெல்லாம் அவன் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிரோஷ்கா எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஊர் அவனை ஒரு வாரம் மன்னித்தது, இரண்டாம் வாரம் அறிவுரை சொன்னது, மூன்றாம் வாரம் அவன் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் என்றது. பதினொரு லெஹெல்களின் பெற்றோர்கள் நகரசபையில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்து வரிசையில் நின்றார்கள். சிலைக்குக் கீழே இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி, 'நீச்சல் வீரன்' என்று பொதுவாக ஒன்றை மாட்டினார்கள். சுகாதார ஆய்வாளருக்குத் திடீரென்று மூக்கு திரும்பக் கிடைத்தது. இவ்வளவு அழுக்குத் தண்ணீரை எந்த முட்டாள் ஏழு வருடம் வைத்திருந்தான் என்று மேயர் தோர்ன்யாய் கூட்டம் போட்டுக் கேட்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டே எல்லோரும் கைதட்டினார்கள். குளத்தை வடித்துவிடத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு எதிர்ப்பு ஓட்டு விழுந்தது, ஓடோன் பாச்சி கை தூக்கியது. பிறகு அவர் அக்குளைச் சொறிவதற்காகத் தூக்கினேன் என்று விளக்கம் கொடுத்தார்.

வடிக்கும் நாளன்று யாரும் வரவில்லை. ஓடோன் பாச்சி மதகுத் திருகைத் திறந்துவிட்டு, பார்க்கப் பிடிக்காமல், சதுரங்கக் கிழவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். லெஹெல் மட்டும் கரையில் நின்றான். தண்ணீர் இறங்க இறங்க அதிலிருந்தவனும் இறங்கினான்: மார்பளவு, இடுப்பளவு, முழங்காலளவு, ஆழம் குறையக் குறைய அகன்று, தட்டையாகி, கைகளை மட்டும் இன்னும் விரித்தபடி. தோல்வியடைந்தவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றுதான் லெஹெல் நின்றான். சிரிப்பு வரவில்லை. தண்ணீரில் இருந்தவனுக்கும் யாருமே பெயர்நாள் கேக் ஒரு வாய் ஊட்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம். பிரோஷ்கா இறங்கி வந்தாள், கையில் ஒரு பெரிய தகர வாளி. அவள் லெஹெலைத் தாண்டிப் போனாள். கோலுக்கு முன்னால், கடைசித் தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்தில் குனிந்து, வாளியைச் சாய்த்து நிறைய முகந்தாள்.

"வீட்டுக்குக் கொண்டுபோறியா அவனை?" என்றான் லெஹெல்.

பிரோஷ்கா நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, எண்ணெய்ப் பிசுபிசுப்பு மட்டும்தான்.

"கடைத் தரை கழுவ ஏழு வருஷமா ஆசைப்படறேன். ஒரு நாளாவது கூட்டம் ஓயணுமே. சும்மா போற தண்ணிதானே? நின்னு பார்த்துக்கிட்டிருக்காம ஒரு கை பிடி."

பிடித்தான். வாளி ஒரு ஆள் கனம் கனத்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் தளும்பச் சிந்தியபடி, படியேறிக் கடைக்கு வந்தார்கள். ஏன் மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தாய் என்று கேட்க லெஹெல் வாயெடுத்தான். அதற்குள் அவளே, பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து நின்றால் கணுக்கால் வீங்கிவிடுகிறது, அந்த பெஞ்ச் ஒன்றில்தான் முதுகு சாய்க்க முடியும் என்றாள். உண்மையாகவும் இருக்கலாம். கேட்காததற்குச் சொன்ன பதில் என்பதால் பாதி உண்மையாகவும் இருக்கலாம்.

அவள் வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் எண்ணெய்த் தரையில் பரவியது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, துடைப்பத்தால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வாரித் தள்ளிக்கொண்டே வந்தாள். லெஹெல் அவளுக்கு முன்னால், எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றான். கல்லாவுக்கு அடியில், தரை சற்றே பள்ளமாக இருந்த இடத்தில் தேங்கிய நீரிலிருந்து ஒரு அகலக் கை எழும்பி, வந்த துடைப்பத்தை ஒரு முறை தடுத்தது.

"தள்ளு" என்றாள் பிரோஷ்கா.

யாரைச் சொன்னாள் என்று கேட்காமல் லெஹெல் தள்ளி நின்றான்.